அறிவியல் புனைகதை நாவல்களைப் பரிந்துரைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“நல்ல சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல் ஒன்று சொல்லுங்களேன்” என்று கேட்பவர்களுக்காகவும், அப்படி யாராவது கேட்டால் எதைச் சொல்வது என்று யோசிப்பவர்களுக்காகவும் இதை எழுதியிருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

இதுவரை அறிவியல் புனைகதையே படித்ததில்லை. எதில் தொடங்கலாம்?

கடைசியாக நீங்கள் ரசித்துப் படித்த நாவல் எது? அதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். எல்லோருக்கும் பொருந்துகிற முதல் நாவல் என்று ஒன்று கிடையாது. ‘தலைசிறந்த நூறு’ மாதிரிப் பட்டியல்களில் முதலில் இருப்பதை வாங்கி, நாற்பது பக்கத்தோடு மூடி வைத்துவிட்டு, “எனக்கு இந்த வகையே ஒத்துவராது” என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒத்துவராதது அந்த ஒரு புத்தகம்தான்.

துப்பறியும் கதை பிடிக்கும் என்றால் ஐசக் அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (1954). ரோபோக்களைக் கண்டாலே ஆகாத ஒரு போலீஸ்காரர், ஒரு கொலை வழக்கில் மனிதத் தோற்றம் கொண்ட ரோபோவோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கொலையாளி யார் என்ற கேள்வியே உங்களைக் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோய்விடும்.

விறுவிறுப்பு வேண்டும் என்பவருக்கு ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’. இறந்துவிட்டார் என்று நினைத்து சக வீரர்கள் செவ்வாயில் விட்டுவிட்டுப் போன மார்க் வாட்னி, அடுத்து யாராவது வரும்வரை உயிரோடு இருக்க வேண்டும். அவர் தாவரவியலாளர். கையில் கொஞ்சம் உருளைக்கிழங்கு இருக்கிறது. பயிரிட மண்ணும் தயார், தண்ணீர்தான் போதவில்லை. ராக்கெட் எரிபொருளான ஹைட்ரஸீனைச் சிதைத்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறார், அதை எரித்துத் தண்ணீர் உண்டாக்குகிறார். கணக்கில் ஒரு சின்னப் பிசகு, கூடாரத்துக்குள்ளேயே வெடிக்கிறது. பள்ளிக்கூட வேதியியல் இவ்வளவு படபடப்பைத் தரும் என்று அதுவரை யாரும் நமக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வியர் இந்த நாவலை முதலில் தன் வலைத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். வாசகர்கள் அறிவியல் பிழைகளைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்திக்கொண்டே வந்தார். 2011இல் கிண்டிலில் 99 சென்ட்டுக்கு விற்ற புத்தகம் 2014இல் அச்சில் வந்தது. கதையைத் தொடங்கிவைக்கும் பெரும் புயல் மட்டும் நடக்க முடியாதது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவீதம்கூட இல்லை, அங்கே எவ்வளவு வேகமாகக் காற்று அடித்தாலும் விண்கலத்தைச் சாய்க்காது. வியரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

குடும்பம், சமூகம், மனித உறவு என்று படிக்கிறவருக்கு ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979). கலிஃபோர்னியாவில் 1976இல் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், திடீர் திடீரென்று அடிமைமுறை நடப்பில் இருந்த மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். எப்படி என்று பட்லர் ஒரு வரிகூட விளக்குவதில்லை. இயந்திரமும் கிடையாது, சூத்திரமும் கிடையாது. அங்கே அவள் காப்பாற்ற வேண்டிய வெள்ளைக்காரப் பையன் அவளுடைய மூதாதை. அவன் செத்தால் இவள் பிறக்கவே மாட்டாள். அவன் வளர வளர என்ன ஆகிறான் என்பதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

நண்பர் கேட்டால் புத்தகத்தின் பெயரைச் சொன்னால் போதாதா?

போதாது. பெயரோடு இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்லுங்கள். இது ஏன் *அவருக்கு* என்பது ஒன்று. எந்த இடத்தில் தடுமாறுவார் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நமக்குப் பிடித்த புத்தகத்தில் குறை சொல்வதாக ஆகிவிடுமோ என்ற தயக்கம். ஆனால் அறிவியல் புனைகதையில் ஏறக்குறைய எல்லா நல்ல நாவலிலும் ஒரு மேடு இருக்கிறது. புதிய உலகம், புதிய சொற்கள், விளக்கம் தராத ஆசிரியர். அந்த மேட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாசகர் ஏறிவிடுவார். சொல்லாவிட்டால், தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து நிறுத்திவிடுவார்.

‘டியூன்’ நாவலைப் பாதியில் நிறுத்திவிட்டேன். திரும்ப முயலலாமா?

எங்கே நிறுத்தினீர்கள்? முதல் நூறு பக்கத்துக்குள் என்றால் கட்டாயம் முயலுங்கள். ஃபிராங்க் ஹெர்பர்ட் எதையும் நின்று விளக்குவதில்லை. பெனி ஜெசரிட், மென்டாட், க்விசாட்ஸ் ஹாடராக் என்று சொற்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். புத்தகத்தின் பின்னால் சொற்பட்டியல் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஓடினால் கதை அறுந்துபோகும். புரியாததைப் புரியாமலே விட்டுவிட்டுப் போங்கள், கொஞ்ச தூரத்தில் தானாக விளங்கும்.

நான் யாருக்காவது ‘டியூன்’ சொல்வதானால் ஒரு காட்சியைச் சொல்வேன். அராக்கிஸ் ஒரு பாலைவனக் கிரகம். உடம்பின் வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும்கூடப் பிடித்து மறுபடி குடிநீராக்கும் உடையை அணிந்துதான் வெளியே நடக்க முடியும். புதிதாக ஆட்சிக்கு வந்த பிரபு லீட்டோவைப் பார்க்க அந்த மண்ணின் தலைவன் ஸ்டில்கார் வருகிறான். எல்லோர் முன்னாலும் மேசைமேல் துப்புகிறான். காவலர்கள் கொதித்து எழுகிறார்கள். அந்த மண்ணின் மக்களோடு வாழ்ந்து பழகிய லீட்டோவின் வீரன் டங்கன் ஐடஹோ மட்டும், “உன் உடலின் ஈரத்தைப் பரிசாகத் தந்தாய், நன்றி” என்ற பொருளில் பதில் சொல்லித் தானும் துப்புகிறான். தண்ணீர் அருமையான இடத்தில் மரியாதையின் இலக்கணமே மாறிவிடும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடந்த அனுபவம் இருப்பவர்களுக்கு இந்த நாவல் இன்னும் நெருக்கமாக இருக்கும்.

இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிரதி இது. கடைசியில் 1965இல் நூலாக்கியது, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர்போன ஒரு நிறுவனம்.

ஹெர்பர்ட் எழுதிய ஆறு பாகங்களையும் படிக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் நாவல் தன்னளவில் முழுமையானது. கதையின் மையப் பாத்திரமான பால் அட்ரெய்டஸ் உண்மையில் நாயகன்தானா என்ற சந்தேகம் உங்களுக்கு வந்திருந்தால் மட்டும் இரண்டாவதை எடுங்கள்.

எனக்கு இயற்பியல் தெரியாது. புரியுமா?

புரியும். லியு சிசினின் ‘தி த்ரீ பாடி பிராப்ளம்’ பற்றித்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது, அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன். மூன்று சூரியன்களுக்கு நடுவே சிக்கிய ஒரு கிரகம், கணிக்க முடியாத அதன் பருவங்கள், அடிக்கடி அழிந்து மறுபடி தலைதூக்கும் அதன் நாகரிகம். இவ்வளவு தெரிந்தால் போதும். மூன்று பொருட்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்போது அவற்றின் பாதையைக் கணிக்கப் பொதுவான எளிய சூத்திரம் கிடையாது என்பதுதான் தலைப்பில் இருக்கும் சிக்கல்.

இதில் மேடு வேறு இடத்தில் இருக்கிறது. சீனப் பெயர்கள் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். யே வென்ஜியே, வாங் மியாவ் என்ற இரண்டு பேரை மட்டும் முதலில் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு சீனாவின் கலாசாரப் புரட்சிக் காலத்தில், 1967இல் தொடங்குகிறது. தன் அப்பா மேடையில் அடித்துக் கொல்லப்படுவதை யே வென்ஜியே பார்க்கிறாள். சீனப் பதிப்பில் இந்தப் பகுதி நடுவில் இருந்தது. ஆங்கிலத்தில் கென் லியு 2014இல் மொழிபெயர்த்தபோது ஆசிரியர் முதலில் நினைத்திருந்தபடியே தொடக்கத்துக்கு வந்தது. இந்தக் காட்சியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். மனித இனத்தின் மேல் ஒருத்திக்கு முற்றாக நம்பிக்கை போனால் அவள் என்ன செய்வாள் என்பதுதான் நாவலின் அச்சு. 2015இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றபோது, சிறந்த நாவலுக்கான அந்த விருதைப் பெற்ற முதல் ஆசிய நாவல் இதுதான்.

கதையைச் சொல்லாமல் எப்படிப் பரிந்துரைப்பது?

சூழலைச் சொல்லுங்கள், விடையைச் சொல்லாதீர்கள். கஸுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ (2005) இதற்குக் கடினமான சோதனை. பின்னட்டையிலும் விமர்சனங்களிலும் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள். “இங்கிலாந்தில் ஒரு உறைவிடப் பள்ளி, மூன்று நண்பர்கள், அந்தப் பள்ளி பற்றி அவர்களுக்கே முழுதாகச் சொல்லப்படாத ஏதோ ஒன்று” என்பதோடு நிறுத்துங்கள். அது அறிவியல் புனைகதை என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் எதைச் சொல்வீர்கள்?

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, வாராவாரம் வீடுகளில் பறித்துப் படிக்கப்பட்ட கதை. இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் எதிர்காலம். பிள்ளை பெறவே அரசின் அனுமதி வேண்டும். காணாமல்போன கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். அது படிக்கும், யோசிக்கும், குறும்பாகப் பதில் சொல்லும். பெரியவர்கள் கண்காணிப்பு அரசு பற்றிய கதையாகப் படிக்கலாம், பிள்ளைகள் ஜீனோவுக்காகவே படிப்பார்கள். இதன் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர் என்பதால் சுஜாதாவுக்கு இயந்திரங்களோடு இருந்த பழக்கம் வரிக்கு வரி தெரியும்.

சுஜாதாவோடு நின்றுவிடாதீர்கள். க. சுதாகரின் ‘6174’ புதிர்களை அவிழ்த்துக்கொண்டே போகும் நாவல். தலைப்பில் இருப்பது கப்ரேகர் மாறிலி எனப்படும் எண். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழியுங்கள். விடையை வைத்து மறுபடி அதையே செய்யுங்கள். அதிகபட்சம் ஏழு தடவைக்குள் 6174இல் வந்து நிற்கும். கண்டுபிடித்த கப்ரேகர் மகாராஷ்டிரத்துப் பள்ளி ஆசிரியர். நாவலைக் கொடுக்கும் முன் நண்பரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், புத்தகத்தைத் திருப்பித் தர மாட்டார்.

சிறுகதை போதும் என்பவர்களுக்கு ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு இருக்கிறது. நம் மரபு அறிவின் பக்கமிருந்து அறிவியலைப் பார்க்கும் கதைகள்.

நம் பக்கத்து நிலத்தில் நடக்கும் உலக அறிவியல் புனைகதை உண்டா?

உண்டு, அதுவும் முதல் தரத்தில். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 2008இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தவர். திருகோணமலைக் கடலுக்கடியில் கோணேஸ்வரத்தின் பழைய கோயில் எச்சங்களைப் பார்த்த முக்குளிப்புக் குழுவில் இருந்தவர். அவருடைய ‘தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979) நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் பூமியோடு ஒரே வேகத்தில் சுழல்வதால் தரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும். அங்கிருந்து ஒரு கயிற்றை இறக்கினால் எப்படி இருக்கும்? கயிறு வந்து இறங்கும் இடம் நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. கிளார்க் தீவையே தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்று பெயர் வைத்துவிட்டார்! சிவனொளிபாத மலையையும் சிகிரியாவையும் வேறு பெயர்களில் பார்க்கலாம். மலை உச்சியில் ஒரு பௌத்த மடம். பொறியாளர் கேட்பதும் அதே உச்சியைத்தான், துறவிகள் நகர மறுக்கிறார்கள். பழைய அரசன் காளிதாசனின் கதையும் எதிர்காலப் பொறியாளரின் கதையும் மாறி மாறி வருவதுதான் இதில் உள்ள மேடு. அரசன் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள், முடிவின் அழகு அதில்தான் இருக்கிறது.

இதே கிளார்க்கின் ‘ரான்டேவூ வித் ராமா’ (1973) இன்னும் எளிது. சூரியக் குடும்பத்துக்குள் 50 கிலோமீட்டர் நீள உருளை ஒன்று நுழைகிறது. உள்ளே கும்மிருட்டு. ஒளிக்குண்டு ஒன்றை எறிந்து பார்க்கிறார்கள். தரை இரண்டு பக்கமும் வளைந்து மேலேறித் தலைக்கு மேல் மூடிக்கொள்கிறது, நடுவில் உறைந்த கடல் ஒன்று வளையமாகச் சுற்றிக்கிடக்கிறது. கட்டியவர்கள் யார், எதற்காக என்பதற்கு விடை வராது. அதை முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். விடை எதிர்பார்த்துப் படிப்பவர் கோபப்படுவார், வியப்புக்காகப் படிப்பவர் கொண்டாடுவார்.

இந்தியாவுக்குள் என்றால், அமிதவ் கோஷின் ‘தி கல்கத்தா குரோமோசோம்’ (1995) மலேரியா ஆராய்ச்சியாளர் ரொனால்ட் ராஸைச் சுற்றிப் பின்னப்பட்ட மர்மம். கிம் ஸ்டான்லி ராபின்சனின் ‘தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃபியூச்சர்’ (2020) உத்தரப் பிரதேசத்தில் ஒரு வெப்ப அலையோடு தொடங்குகிறது. மின்சாரம் போய், மக்கள் ஏரிக்குள் இறங்குகிறார்கள், ஏரி நீரும் சுடுகிறது. அந்த முதல் அத்தியாயம் தூங்க விடாது. அப்புறம் நாவல் கூட்டக் குறிப்புகள், சிறு கட்டுரைகள் என்று வேறு வடிவத்துக்குப் போய்விடும். பொருளாதாரத்தில் ஆர்வம் இல்லாதவருக்கு இதைத் தராதீர்கள்.

பெண்கள் எழுதியவற்றில் எதைப் படிக்கலாம்?

இந்த வகையின் தொடக்கமாகப் பலரும் சொல்லும் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) மேரி ஷெல்லி எழுதியதுதான்.

நம் ஊரோடு தொடர்புள்ள ஒன்றைச் சொல்கிறேன். வங்காளத்து பேகம் ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வந்த ‘தி இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் வெளியானது. அதில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் ஆள்கிறார்கள். பெண்களுக்கான இரண்டு பல்கலைக்கழகங்கள் போட்டிபோட்டு ஆராய்ச்சி செய்கின்றன. ஒன்று வானத்திலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும் பலூனைக் கண்டுபிடிக்கிறது, மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியை. படையெடுத்து வந்த எதிரிமேல் அந்த வெப்பத்தைத் திருப்பிவிட்டே போரை ஜெயிக்கிறார்கள். சில பக்கங்கள்தான், ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். சூரிய மின்தகடுகளைக் கூரையில் மாட்டிக்கொண்டிருக்கும் நாம் எல்லோரும் படித்திருக்க வேண்டிய கதை.

உர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ (1969) என் மனதுக்கு மிக நெருக்கமானது. உறைபனிக் கிரகம் ஒன்று. அங்குள்ளவர்கள் மாதத்தின் பெரும்பகுதி ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. சில நாட்கள் மட்டும் ஏதாவது ஒன்றாக மாறுவார்கள், இந்த மாதம் எதுவென்று அவர்களுக்கே தெரியாது. வெளியிலிருந்து வந்த தூதுவர் ஒருவர் இதைப் புரிந்துகொள்ள முடியாமல் திணறுகிறார். முதல் பாதி அரசவை அரசியலில் மெதுவாக நகரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதியில் இருவர் மட்டும் பனிப்பாறை வெளியைக் கடக்கும் பயணம் வருகிறது. ஒரே கூடாரம், அளந்து பங்கிடும் உணவு, மெல்ல மெல்ல வளரும் நம்பிக்கை. நட்பைப் பற்றி இவ்வளவு நல்ல பக்கங்கள் எந்த வகை இலக்கியத்திலும் அரிது.

பழைய நாவல்கள் காலாவதி ஆகிவிடாதா?

கருவிகள் ஆகும், கேள்விகள் ஆகாது. எச்.ஜி. வெல்ஸின் ‘தி டைம் மெஷின்’ (1895) காட்டும் எதிர்காலத்தில் மனித இனம் இரண்டாகப் பிரிந்து, மேலே சொகுசாக வாழ்பவர்களும் கீழே உழைப்பவர்களும் வெவ்வேறு உயிரினங்களாகவே மாறிவிடுகிறார்கள். அந்தப் பயம் பழசாகிவிட்டதா என்ன?

விருது பெற்றவற்றை மட்டும் படித்தால் போதுமா?

யார் கொடுக்கும் விருது என்று பாருங்கள். ஹியூகோ விருதுக்கு வாக்களிப்பவர்கள் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது பெரும்பாலும் வாசகர்கள். நெபுலா விருதுக்கு வாக்களிப்பவர்கள் எழுத்தாளர்கள். இரண்டையும் வாங்கிய நாவல் பெரும்பாலும் ஏமாற்றாது.

பிள்ளைகளுக்கு?

ஜூல்ஸ் வெர்ன். நாட்டிலஸ் நீர்மூழ்கியின் கேப்டன் நெமோ ஓர் இந்திய இளவரசர், திப்பு சுல்தானின் உறவினர், ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பியவர் என்ற விஷயம் ‘தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்’ நாவலில்தான் வெளிவரும். ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ முடித்த பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த புத்தகத்தைக் கேட்டு வாங்கும். வெர்னும் வெல்ஸும் இணையத்தில் சட்டப்படி இலவசமாகவே ஆங்கிலத்தில் கிடைக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்க வராது. என்ன செய்வது?

அசிமோவ், வியர், இஷிகுரோ மூவரின் ஆங்கிலமும் எளிமையானது. வில்லியம் கிப்சனின் ‘நியூரோமான்சர்’ பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், ஆங்கிலம் நன்றாக வருகிறவர்களையே அது திணறடிக்கும்.

நான் பரிந்துரைத்தது நண்பருக்குப் பிடிக்கவில்லை. அடுத்து என்ன?

எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று கேளுங்கள். “பிடிக்கவில்லை” என்பதைவிட அந்தப் பக்க எண்தான் உங்களுக்குப் பயன்படும். ஸ்டானிஸ்லாவ் லெமின் ‘சோலாரிஸ்’ (1961) கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிரகம் முழுக்கச் சிந்திக்கும் கடல், அதை ஆராயப் போனவர் முன்னால் செத்துப்போன மனைவி வந்து நிற்கிறாள். அவள் வந்ததற்கு அப்புறமும் படித்து, அந்தக் கடலைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதிக் குவித்த கோட்பாடுகளை விவரிக்கும் நீண்ட பகுதியில் நின்றிருந்தால், அவருக்கு மர்மம் பிடித்திருக்கிறது, கட்டுரை நடைதான் பிடிக்கவில்லை. அப்படியானால் ஸ்துருகாட்ஸ்கி சகோதரர்களின் ‘ரோட்சைட் பிக்னிக்’ (1972) கொடுங்கள். வேற்றுக்கிரகவாசிகள் வந்து, யாரையும் கண்டுகொள்ளாமல், குப்பையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உயிரைப் பணயம் வைத்து அதைத் திருடி விற்கும் ஒருவனின் கதை. அதே புரியாமை இதிலும் இருக்கிறது, ஆனால் காலடியில் என்ன வெடிக்கும் என்ற பயத்தோடு நகரும். மனைவி வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டார் என்றால், ‘கிண்ட்ரெட்’ கொடுத்துப் பாருங்கள்.